வெளிநாட்டுப் பயிற்சிக் கொள்கைகளும் ஊவா தோட்டப்புற இளைஞரும்



உள்நாட்டில் இல்லாத தொழில்நுட்ப அறிவை விரைவாகப் பெறுவதற்கு அரசுகள் கையாளும் வழிகளுள் ஒன்று, தெரிவு செய்யப்பட்டவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பிக் கற்பித்தலாகும். 1871இல் ஜப்பானிலிருந்து புறப்பட்ட இவாகுரா தூதுக்குழுவுடன் சென்ற மாணவர்களுள் ஐந்து சிறுமியரும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான ட்சூடா உமேகோ நாடு திரும்பி, 1900இல் டோக்கியோவில் பெண்களுக்கான உயர்கல்வி நிறுவனமொன்றைத் தொடங்கினார். கற்றவர் திரும்பி வந்து பயன்தருவதே இக்கொள்கையின் நோக்கம்.

1. கொழும்புத் திட்டம்

1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் மாநாட்டில் இத்திட்டம் உருவானது. 1951 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. புலமைப்பரிசில்கள், தொழில்நுட்பப் பயிற்சி, நிபுணர் சேவை என்பன இதன் மூலம் கிடைத்தன. பொதுவாக, அரச ஏற்பாட்டில் வெளிநாடு செல்லும் உத்தியோகத்தர்கள் திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் சேவையாற்றுவதாக ஒப்பந்தம் செய்வர். மூளைசாலிகள் வெளியேற்றத்தைத் தடுப்பதே இதன் நோக்கமாகும்.

2. தோட்டப்புறத்துக்கு எட்டாமற் போனது ஏன்?

(அ) 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பசறை, நமுனுகுல, அப்புத்தளை உட்பட மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருட் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு இலங்கைக் கடவுச்சீட்டும் இல்லை; அரச நியமனமும் இல்லை.

(ஆ) பல தோட்டப் பாடசாலைகளில் ஆரம்ப வகுப்புகளே இருந்தன. 1970களிலேயே அவை பரவலாக அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முதல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை படிப்படியாகவே பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது.

3. இன்றைய வழி

இப்போது வாசலிற் கேட்கப்படுவது தகைமைச் சான்றிதழாகும். இலங்கையின் தேசிய தொழில்சார் தகைமை (என்.வி.கியூ.) ஏழு மட்டங்களைக் கொண்டது. வேலை செய்து பழகிய மேசன் அல்லது இயந்திரத் திருத்துநர், முன்னனுபவ மதிப்பீட்டின் மூலமும் இதைப் பெறலாம். 2019 ஜூனில் இலங்கையும் ஜப்பானும் திறன்சார் தொழிலாளர் தொடர்பான உடன்படிக்கையொன்றைச் செய்தன. அதன்படி முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளுக்குச் செல்வோர் பொதுவாக ஜப்பானிய மொழிப் பரீட்சையிலும் திறன் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அன்று மாணவரை அனுப்பிய நாடு, இன்று பயிற்சி பெற்றவரை அழைக்கிறது.

4. உங்கள் கவனத்திற்கு

பயிற்சியின்றிச் செல்பவர் குறைந்த சம்பளத்துக்கும் தரகரின் ஏமாற்றுக்கும் இலகுவில் ஆளாகிறார். சான்றிதழுடன் செல்பவர் தனது தொழிலைத் தானே தெரிவு செய்யலாம். ஆகவே சாதாரண தரத்தின் பின் பதுளை தொழில்நுட்பக் கல்லூரி போன்ற அரச நிறுவனங்களின் பாடநெறிகளை விசாரியுங்கள். முகவர் எவருக்கும் பணம் கொடுக்குமுன், 1985இல் அமைக்கப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவரது அனுமதிப்பத்திரத்தை உறுதிப்படுத்துங்கள்.

மாதிரி வினா

கொழும்புத் திட்டத்தின் பயன் தோட்டப்புற இளைஞரை எட்டாமைக்கான காரணங்கள் இரண்டினைத் தந்து, ஒன்றை விளக்குக.

(விடைக் குறிப்பு: பகுதி 2இன் அ, ஆ. விளக்கத்தில் ஆண்டினைக் குறிப்பிட மறவாதீர்கள்.)