கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாத கோடிகள்!

போலீஸ்காரர்கள் சொல்லும் நிஜக் கதைகளில் சில, சினிமாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சிரிப்பதா, பரிதாபப்படுவதா என்றே தெரியாது. எங்கள் சேலம் ரயில் கொள்ளைக் கதையும் அப்படித்தான்.

2016 ஆகஸ்ட் 8. இரவு ஒன்பது மணி சுமாருக்குச் சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்கு எக்ஸ்பிரஸ் ரயில் கிளம்பியது. அதிலிருந்த சரக்குப் பெட்டி ஒன்றில், வங்கிகளிலிருந்து ரிசர்வ் வங்கிக்குப் போகும் 342 கோடி ரூபாய்! 226 பெட்டிகளில் அடுக்கியிருந்தார்கள். எல்லாம் கை மாறிக் கை மாறிக் கசங்கிய பழைய நோட்டுகள். அப்படிப்பட்ட நோட்டுகளை ரிசர்வ் வங்கியில் எண்ணிச் சரிபார்த்து, பொடிப்பொடியாக வெட்டிவிடுவது வழக்கம்.

மறுநாள் எழும்பூரில் சரக்குப் பெட்டியைத் திறந்தால், உள்ளேயிருந்து வானம் தெரிகிறது! கூரையில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு ஓட்டை. 5 கோடியே 78 லட்ச ரூபாயைக் காணோம். ரயிலில் துப்பாக்கியோடு போலீஸ் காவல் இருந்தது. கதவுக்குப் பூட்டும் இருந்தது. கூரைக்குத்தான் யாரும் காவல் போடவில்லை!

ஓடுகிற ரயிலில் எந்த இடத்தில் ஏறினார்கள்? இங்கேதான் போலீஸ் மூளை வேலை செய்தது. அப்போது சேலம் - விருத்தாசலம் பாதையில் மின்சாரக் கம்பி கிடையாது, டீசல் எஞ்சின்தான். விருத்தாசலத்துக்கு அப்பால் தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி. அங்கே கூரையில் ஏறியிருந்தால் கரிக்கட்டைதான். ஆகவே திருட்டு விருத்தாசலத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்கள். அந்த வழியில் பேசப்பட்ட செல்போன் அழைப்புகளையெல்லாம் சலித்து எடுத்தார்கள் சி.பி.சி.ஐ.டி. போலீசார். இரண்டு வருஷம் கழித்து, 2018 அக்டோபரில், மத்தியப் பிரதேசத்துக் கும்பல் ஒன்றைச் சேர்ந்தவர்களைக் கைது செய்தார்கள்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் பிரசித்தி பெற்ற தபால் ரயில் கொள்ளை நடந்ததும் இதே ஆகஸ்ட் 8-ம் தேதிதான், 1963-ல். பதுங்கியிருந்த பண்ணை வீட்டில், அடித்த பணத்தை வைத்தே ‘மோனோபோலி’ விளையாடினார்களாம் அந்தத் திருடர்கள். அந்த அட்டையில் பதிந்த கைரேகையே அவர்களில் சிலரைக் காட்டிக்கொடுத்தது.

நம்ம ஊர்க் கும்பலை முதலில் கவிழ்த்தது போலீஸ் இல்லை, காலண்டர்! நவம்பர் 8-ம் தேதி, திருட்டு நடந்து சரியாக மூன்றே மாதத்தில், 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. திருட்டுப் பணத்தைத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டையைக் காட்டி, பாங்க் கியூவில் நிற்க முடியுமா? அடித்ததில் பெரும்பகுதியைச் செலவழிக்க முடியாமல் போனதாகப் போலீஸ் விசாரணையில் தெரிந்தது. உயிரைப் பணயம் வைத்துக் கூரையைக் கிழித்தது கடைசியில் குப்பைக் காகிதத்துக்கு!

சரி, சிரித்தாயிற்று. ஆனால் அந்த ராத்திரி இடி விழுந்தது திருடர்கள் தலையில் மட்டுமா? அரிசி டப்பாவிலும், புடவை மடிப்பிலும் சிறுவாடு சேர்த்து வைத்த நம் தலையிலும்தானே! “ஏனுங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்” என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, வருஷக்கணக்கான ரகசியத்தை உடைக்க வேண்டியதாயிற்று. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை வங்கியில் போட்டால் கேள்வி இல்லை என்று அரசாங்கம் சொன்னது, வாஸ்தவம். வீட்டில் கேட்பவர்கள் கேட்டார்களே! குடிகாரப் புருஷனுக்குத் தெரியாமல், பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸுக்கென்று ஒளித்து வைத்தவள் கதி என்ன? அவளுக்கு அது கறுப்புப் பணமா? வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்த பணமல்லவா!

ஆகவே சகோதரிகளே, டப்பாவில் அவசரச் செலவுக்கு மட்டும் வையுங்கள். மிச்சத்தை உங்கள் ஒருவர் பெயரிலேயே கணக்கு தொடங்கிப் போடுங்கள். தபால் ஆபீஸ் ஆர்.டி.யை மாதம் 100 ரூபாயிலேயே ஆரம்பிக்கலாம். ஏ.டி.எம். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். நாமினி பெயரையும் மறக்காமல் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நோட்டு செல்லாமல் போகலாம். பாஸ் புத்தகத்தில் ஏறிய தொகை உங்களுடையதுதான்.