நிரலுக்கு முன் எடுக்க வேண்டிய முடிவுகள்

மென்பொருள் உருவாக்கம் என்றாலே நிரல் எழுதுவதுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் 1960-களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 இயங்குதளப் பணியை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975-இல் வெளியிட்ட நூலில் வேறொரு கணக்கைத் தந்தார்: மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடலுக்கும், ஆறில் ஒரு பங்கு மட்டும் நிரல் எழுதவும், எஞ்சிய பாதி சோதனைக்கும் ஒதுக்கப்பட வேண்டும்.

திட்டமிடலின் முதல் விளைபொருள் தேவை ஆவணம். மென்பொருளை யார், எந்தச் சூழலில் பயன்படுத்துவார்கள், அது எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யத் தேவையில்லை, எந்த எல்லைக்குள் இயங்கும் என்பனவற்றை அது வரையறுக்கிறது. அதையொட்டி அமையும் வடிவமைப்பு, வேலையைப் பகுதிகளாகப் பிரித்து, அவை தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் முறையாகிய இடைமுகத்தையும் முடிவுசெய்கிறது.

இம்முடிவுகளில் ஒன்று விடுபட்டாலும் என்ன நேரும் என்பதற்கு ஏரியன் 5 ஏவுகலமே சான்று. பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து 1996 ஜூன் 4 அன்று முதன்முறையாகப் புறப்பட்ட அது, ஏறத்தாழ 40 நொடிகளில் பாதை விலகிச் சிதறியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் அறிவியல் செயற்கைக்கோள்களும் அழிந்தன. ஏவுகலத்தின் நிலையையும் நகர்வையும் அளக்கும் கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியன் 4-க்காக எழுதப்பட்டு அப்படியே எடுத்தாளப்பட்டிருந்தது. கிடைத்திசை வேகம் சார்ந்த ஓர் எண்ணை அது 16 பிட் இடத்தில், அதாவது 32,767-ஐத் தாண்டாத எண்ணுக்கான இடத்தில் அடக்க முயன்றது. ஏரியன் 5-இன் கிடைத்திசை வேகம் மிக விரைவாக உயர்ந்ததால் எண் அந்த எல்லையை மீற, முதன்மைக் கருவியும், அதே மென்பொருளைக் கொண்டிருந்த மாற்றுக் கருவியும் ஒன்றாகச் செயலிழந்தன.

ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு, புதிய ஏவுகலத்தின் பறப்புப் பாதைத் தரவுகள் அக்கருவியின் தேவை ஆவணத்தில் சேர்க்கப்படவில்லை என்றும், பிழைக்குக் காரணமான கணக்கீடு ஏரியன் 5 புறப்பட்ட பின் தேவையே இல்லாதது என்றும் கண்டறிந்தது. பழைய ஏவுகலத்துக்குப் பொருந்திய நிரல் புதியதற்கும் பொருந்துமா என்ற கேள்வி உரிய காலத்தில் எழுப்பப்பட்டிருந்தால், தாளில் ஒரு வரியைத் திருத்துவதோடு அந்த இழப்பு தவிர்ந்திருக்கும்.

சிறு சிறு கட்டங்களாக உருவாக்கிப் பயனரிடம் காட்டித் திருத்தும் அஜைல் முறை இன்று பரவியிருப்பதால் திட்டமிடல் தேவையற்றதாகிவிட்டது எனச் சிலர் கருதுகின்றனர். அம்முறை திட்டமிடலைக் கைவிடவில்லை. ஒரே முறையில் முடிக்காமல் ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் மீண்டும் செய்கிறது.

ஆகவே, கடைக்கோ பள்ளிக்கோ மென்பொருள் செய்யச் சொல்பவர்கள் எப்போது முடியும் என்று கேட்பதற்கு முன், அது என்ன செய்யும், எதைச் செய்யாது, சரியாகச் செய்வதை எப்படிச் சோதித்து அறிவது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.