லாடம் அடிப்பவர் யார்?

குதிரைக் குளம்பின் புறச்சுவர் நம் நகத்தைப் போல உணர்ச்சியற்றது. அதனுள்ளேயோ நரம்பும் குருதியும் நிறைந்த சதை உண்டு. லாட ஆணி சிறிது வழிதவறி அச்சதையிற் பாய்ந்தால் குதிரை நொண்டும், சீழ்ப்பிடிக்கவும் கூடும். ஆகவேதான் பிரிட்டனில், 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றமாகும். அப்பதிவேட்டை எவரும் பார்க்கலாம்.

சான்றிதழ் ஒன்றே போதாதா எனச் சிலர் வினவுவர். ஒருவர் என்றோ கற்றதை அது கூறும். பின்னர்த் தவறிழைத்துப் பெயர் நீக்கப்பட்டதைக் கூறாது. எனவே, முதலிற் பதிவேட்டைப் பாருங்கள். பின்பு அவர் லாடம் அடித்த குதிரைகளின் நடையைப் பாருங்கள் என்பேன். வாயில்லாப் பிராணி தானாகக் கேட்க இயலாத கேள்விகளை அதன் உடையவரே கேட்டாக வேண்டும்.