தூரத்துப் பழக்கத்தின் பெறுமதி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலும் மூன்றாம் வருட மாணவி ஒருவர் சென்ற மாதம் எனக்கொரு கடிதம் எழுதியிருந்தார். லிங்க்ட்இன் தளத்தில் தமக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட தொடர்புகள் உண்டென்றும், இணையவழிப் பாடங்களில் பெற்ற சான்றிதழ்களையெல்லாம் அங்கே வரிசையாக இட்டிருப்பதாகவும், அப்படியிருந்தும் கொழும்பில் ஒரு கம்பனியேனும் உள்ளகப் பயிற்சிக்குத் தம்மை அழைக்கவில்லையென்றும் கூறி, “இன்னும் எதைச் சேர்க்க வேண்டும்?” என்று கேட்டிருந்தார். இதே கேள்வியை வேறு பலரும் மனத்தில் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

2003ஆம் ஆண்டு மே மாதத்தில் றீட் ஹொவ்மனும் அவர் தோழர்களும் கலிபோர்னியாவில் தொடங்கி, 2016இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் 2,620 கோடி டொலருக்கு வாங்கிய இத்தளத்தில் கணக்குத் திறப்பது எப்படி, எத்தகைய படம் இடுவது என்பன மாணவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவையல்ல. ஆனால் ஆட்களைத் தேடும் அதிகாரி அங்கே எவ்விதம் தேடுகிறார் என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. தமக்கு வேண்டிய தொழில்நுட்பத்தின் பெயர், ஊர், பாடம் ஆகியவற்றைத் தேடற் பெட்டியில் இட்டு, அச்சொற்கள் யாருடைய பக்கத்தில் உள்ளனவோ அவர்களையே பெரும்பாலும் காண்கிறார். பெயருக்குக் கீழுள்ள தலைப்பு வரியில் 220 எழுத்துகளுக்கு இடமுண்டு. அவ்விடத்தை நாம் நிரப்பாவிட்டால், இன்ன பல்கலைக்கழகத்து மாணவர் என்ற ஒரே வசனத்தைத் தளமே இட்டுவிடும். அதே வசனம் ஆயிரம் பேருடைய பெயருக்குக் கீழும் நிற்குமாதலால், அதனால் எவரும் எவரிலிருந்தும் வேறாகத் தெரிவதில்லை.

சான்றிதழ்களைக் குறித்தும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்துச் சான்றிதழ்களை அடுக்கிய பக்கத்தைக் காட்டிலும், சாவகச்சேரிச் சந்தையில் ஒரு வியாபாரிக்குச் சரக்குக் கணக்கு வைக்கும் செயலியொன்றை ஆக்கிக் கொடுத்து, அதை அவர் எப்படிப் பாவித்தார், எவ்விடத்தில் பிழைத்தது, பின்பு எவ்வாறு திருத்தப்பட்டது என்று நான்கு வசனங்களில் விவரித்து, நிரலை எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கும் பக்கமே மதிப்புடையது. முன்னது பாடத்தைக் கேட்டதற்கு அத்தாட்சி. பின்னது காரியத்தைச் செய்ததற்கு அத்தாட்சி.

இனி, இந்த விஷயத்தில் என்னை வெகுகாலமாக வியப்பில் ஆழ்த்திவரும் ஒன்றைச் சொல்கிறேன். மார்க் கிரனோவெற்றர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பொஸ்ரன் நகரை அடுத்த ஓர் ஊரில், தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களை அணுகி, வழிகாட்டிய அந்த நபரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் வினவினார். அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதம்; எப்போதாவது சந்தித்ததாகச் சொன்னவர்கள் 55.6 சதவீதம், அரிதாகவே கண்டதாகச் சொன்னவர்கள் 27.8 சதவீதம். உயிர்த் தோழரைவிடத் தூரத்துப் பழக்கமே வேலைக்கு வழிகாட்டிற்று!

இதன் காரணம் யாழ்ப்பாணத்தவருக்கு எளிதில் விளங்கும். நான் வளர்ந்த குறிச்சியில், கோடையில் எங்கள் கிணறு உவர்த்துப் போனால் அடுத்த வளவுக் கிணறும் உவர்த்திருக்கும். இரண்டுக்கும் அடியில் ஒரே சுண்ணக்கல்லும் ஒரே ஊற்றுமாகையால், நல்ல தண்ணீருக்கு வேற்றூர்க் கிணற்றைத்தான் நாட வேண்டும். ஒரே வகுப்பில் இருந்து, ஒரே விடுதியில் உண்டு உறங்கும் தோழிக்குத் தெரிந்த செய்தி நமக்கும் முன்னமே தெரிந்திருக்கும். நாம் அறியாத செய்தி வேறு வட்டத்தில் நடமாடுபவரிடமே இருக்கும்.

இக்கருத்தைச் சோதிக்கும் பொருட்டு, லிங்க்ட்இன் தளத்தின் சுமார் இரண்டு கோடிப் பாவனையாளரை ஐந்து வருடம் அவதானித்துச் செய்யப்பட்ட பெரும் பரிசோதனையொன்றின் முடிவு 2022இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. யாரை யாருக்கு அறிமுகம் செய்வது என்ற தளத்தின் சிபாரிசை ஆளுக்கு ஆள் மாற்றிப் பார்த்தே அதைச் செய்தார்கள். உட்பட்டவர்களுக்கு அறிவிக்காமற் செய்தது சரியன்று என்றே நான் எண்ணுகிறேன். எனினும் முடிவு கவனிக்கத்தக்கது. மிக நெருங்கிய உறவும், பொதுவான நண்பர் எவருமில்லாத தொடர்பும் அதிகம் உதவவில்லை. பொதுவான நண்பர்கள் சிலரையுடைய நடுத்தரப் பழக்கமே புதிய வேலைக்கு அதிகம் துணைசெய்தது. கணினி சார்ந்த துறைகளில் இவ்வகை மெல்லிய பழக்கத்தின் பயன் கூடுதலாகவும் காணப்பட்டது.

ஆகவே, முகமறியாதோரை ஐந்நூறு, ஆயிரம் என்று சேர்ப்பது வீண் பிரயாசை. அதே தளத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தால், பழைய மாணவர்களுக்கென ஒரு பகுதி உண்டு. அவர்கள் எங்கே வசிக்கிறார்கள், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள், என்ன படித்தார்கள் என்று அது வகுத்துக் காட்டும். 1974இல் தொடங்கிய நம் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகள் கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பரந்திருக்க, அந்தப் பகுதியை ஒரு தடவையேனும் திறந்து பாராத மாணவர்கள் பலர் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அங்கே இரண்டு மூன்று வருடம் முன்னே படித்த ஓர் அக்காவையோ அண்ணாவையோ கண்டு, உங்களை இன்னாரென்று சொல்லி, அவர் செய்யும் வேலையைக் குறித்து ஒரு கேள்வியை மாத்திரம் மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள். முதற் கடிதத்திலேயே வேலை கேட்காதீர்கள். செய்யாததைச் செய்ததாக எழுதவும் வேண்டாம். நேர்முகத்தில் இரண்டாவது கேள்விக்கே அது வெளிப்பட்டுவிடும். பயிற்சி தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்பவருக்கு ஒரு சதமும் கொடாதீர்கள்.

இதை வாசிக்கும் பழைய மாணவர்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. திருநெல்வேலியிலிருந்தோ கிளிநொச்சி அறிவியல்நகரிலிருந்தோ முன்பின் அறியாத ஒரு பிள்ளை உங்களுக்கு எழுதினால், கொடுக்க இடமில்லையென்றாலும், இரண்டு வரியிலாவது பதில் எழுதுங்கள்.