இறால் குளத்தில் நன்மை செய்யும் கிருமிகள்

குளத்து நீரைக் குளோரினிட்டுச் சுத்தி செய்துவிட்டால் வியாதி அணுகாதென்று இறால் வளர்க்கும் மிராசுதார்களிற் பலர் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. குளோரின் தீய கிருமிகளோடு நல்லவற்றையும் கொன்றுவிடும். உழுது விதையாமல் விட்ட வயலில் முதலில் முளைப்பது யாதென்று குடியானவர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வாறே, மிஞ்சிய தீனியும் கழிவும் சேர்ந்த நீரில் விப்ரியோ என்னும் கிருமி விரைந்து பெருகும்.

அவ்விடத்தை முன்னரே பிடித்துக்கொள்வது பாஸில்லஸ் என்னும் நற்கிருமி. அது கசடைத் தின்று விப்ரியோவின் இரையைக் குறைப்பதுடன், அதன் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களையும் சுரக்கின்றது. இந்தோனேஷியப் பண்ணைகளைப் பற்றி மோரியார்ட்டி என்னும் விஞ்ஞானி 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சி கவனிக்கத்தக்கது. பாஸில்லஸ் இடாத பண்ணைகளில், இருளில் ஒளிவீசும் விப்ரியோவினால் 80 நாட்களுக்குள் இறால்கள் மடிந்தன. இட்ட பண்ணையிலோ 160 நாட்களுக்கு மேலும் வளர்ந்தன.

குளோரினின் வீரியம் முற்றும் நீங்கிய பின்னரே இதனை இடவேண்டும். பாஸில்லஸ் பிராணவாயுவை மிகுதியாக உட்கொள்ளுமாதலால், காற்றூட்டும் யந்திரம் ஓடும்போதே தெளிப்பது அவசியம். ஒரு முறையோடு நிறுத்தாமல் பருவம் முழுதும் இட்டுவர வேண்டும். இட்டபின் மறுபடியும் கிருமிநாசினி ஊற்றுவோர் பணத்தை நீரிற் கரைத்தவராவர்; அப்படிச் செய்தோரை யான் கண்டதுண்டு.

வெள்ளைப்புள்ளி நோய் வேறு. அது வைரஸினால் வருவது. பாஸில்லஸ் அதனைத் தீர்க்குமென்று கூறும் வியாபாரியை நம்பலாகாது. அந்நோய்க்குக் குஞ்சுகளைச் சோதித்து வாங்குவதும், நண்டு முதலியன குளத்துட் புகாமல் வேலியிடுவதுமே வழி.