பெயர் பொறித்த சேலத்துக் கத்தி

காட்டுப்பன்றி வேட்டைக்குக் கிளம்பிய விக்டோரியா காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் ஈட்டிக்காகத் தேடிய முகவரி இங்கிலாந்தில் இல்லை, சேலத்தில் இருந்தது. அருணாசல ஆசாரியின் பட்டறை. வேட்டைக் கத்திகளும் ஈட்டி முனைகளும் அங்கே உருவாயின. தன் பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் அவர் அலகிலேயே பொறித்தார். சேகரிப்பாளர்கள் இன்றும் அந்தப் பெயரைத் தேடி வாங்குகிறார்கள்.

சேலத்துக்கு இந்த மதிப்பு திடீரென்று வந்துவிடவில்லை. தென்னிந்திய எஃகின் வரலாற்றைச் சொல்லும் நூல் ஒன்று 2004-இல் பெங்களூரில் வெளியானது. எழுதியவர்கள் சாரதா சீனிவாசன், எஸ். ரங்கநாதன். ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்று அழைத்த எஃகுதான் அதன் நாயகன். கன்னட 'உக்கு' என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்பார்கள். தமிழில் அது உருக்கு. லண்டன் கத்தித் தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகில் கத்தி செய்து விளம்பரப்படுத்தினார். மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து ஆராய்ந்து 1820-இல் கட்டுரையும் வெளியிட்டார்.

செய்முறையை நேரில் கவனித்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கம்பெனி வேலையை விட்டுப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியைப் போட்டு, பச்சிலையால் மூடி, மண்மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்கள் என்று 1839-இல் அவர் எழுதினார்.

அதே ஆண்டு இங்கிலாந்தில் ஒரு காப்புரிமையும் பெற்றார். எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கும் முறை அது. விலை உயர்ந்த ஸ்வீடன் இரும்பையே நம்பியிருந்த ஷெஃபீல்டு கத்தித் தொழிலுக்கு அது பெரிய வரம். ஆனால் ஆலைக்காரர்கள் மூலப்பொருளைச் சற்றே மாற்றிப் போட்டு, பணம் தராமலே பயன்படுத்தினார்கள். ஹீத் வழக்குத் தொடர்ந்தார். அது முடியும் முன்பே இறந்தும் போனார். 1855-இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே வந்தது.

ஷெஃபீல்டின் கத்திக் குடும்பங்கள் செழித்தன. மலிவான சீமை இரும்பு வந்து இறங்க, சேலம் வட்டாரத்து உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஹீத்தின் பெயர் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. ஆவாரங்குச்சி போட்டு எஃகு வார்த்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அருணாசல ஆசாரியின் பெயர் தப்பியது, அதை அவரே எஃகில் பொறித்ததால்தான்.