செம்பரா ஏரிக்குப் போகுமுன்

மலையும் ஏரியும் எவருக்கும் தனிச் சொத்தல்லவென்றும், காலில் வலுவுள்ளவன் நினைத்த நேரத்தில் ஏறி நினைத்த நேரத்தில் இறங்கலாமென்றும் எண்ணிக்கொண்டு, சனிக்கிழமை இரவு கூட்டமாகப் புறப்பட்டு ஞாயிறு மாலைக்குள் வீடு திரும்பத் திட்டமிடும் இளைஞர்கள் நம் நகரங்களில் பெருகிவருகிறார்கள். அவர்களுடைய உற்சாகத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. வாரம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு மலைக்காற்றைவிட நல்ல ஔஷதம் கிடையாது. ஆயினும் அந்த ஒரு நாள் பிரயாணத்தில் தமக்குள்ள உரிமை எது, எதிர்ப்படக்கூடிய அபாயம் எது, தீங்கு நேர்ந்தால் பரிகாரம் எங்கே கிடைக்கும் என்பவற்றைப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

வயநாட்டில் மேப்பாடிக்கு அருகிலுள்ள செம்பரா மலையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில், தேயிலைத் தோட்டங்களைத் தாண்டிப் புல்வெளிச் சரிவின் வழியே ஏறிச் சென்றால், சிகரத்துக்குக் கீழே இதய வடிவமான சிறிய ஏரியொன்று தென்படும். ஏற்றம் மிகக் கடினமானதன்று. நடந்து பழகியவர்கள் காலையில் புறப்பட்டுப் பிற்பகலுக்குள் இறங்கிவிடலாம். ஆனால் அது கேரள வனத்துறையின் பொறுப்பிலுள்ள காடு. கட்டணம் செலுத்தி, ரசீது பெற்று, வழிகாட்டியோடு போகவேண்டும். திறந்திருக்கும் காலத்திலும் அனுமதி ஏரி வரையில்தான், சிகரத்துக்கு இல்லை. கோடையில் காட்டுத்தீயை முன்னிட்டும், மழைக்காலத்தில் மண்சரிவை முன்னிட்டும், யானை நடமாட்டத்தை முன்னிட்டும் பாதை மூடப்படுவதுண்டு. ஆகையால் சென்ற மாதம் போய்வந்த நண்பரின் வாய்ச்சொல்லை நம்பாமல், புறப்படும் வாரத்தில் வனத்துறை அலுவலகத்தையே கேட்டறிவதுதான் விவேகம்.

இந்த அனுமதியை வெறும் உபத்திரவமாகக் கருதுகிறவர்கள் பலர். என் அபிப்பிராயமோ நேர்மாறானது. அந்த ரசீதுதான் உங்கள் உரிமைகளுக்கெல்லாம் மூலபத்திரம். நீங்கள் காட்டுக்குள் இருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே பதிவு. மாலையில் திரும்பாவிட்டால் தேடுவதற்கு ஆள் புறப்படுவது அதை வைத்துத்தான். அனுமதியின்றி நுழைந்தவனோ வழி தவறியவனாக மட்டுமல்ல, வனச்சட்டப்படி குற்றவாளியாகவும் நிற்க நேரிடும். 2022 பிப்ரவரியில் பாலக்காடு மாவட்டத்து மலம்புழைக்கு அருகில் குறும்பாச்சி மலைப்பாறையிடுக்கில் 40 மணி நேரத்துக்கும் மேலாகச் சிக்கிக்கிடந்த ஓர் இளைஞரை ராணுவத்தினர் வந்து மீட்டபோது நாடே மகிழ்ந்தது. சில நாட்களில் அவர் மீது வனத்துறை வழக்கும் பதிவு செய்தது.

அனுமதியின் அருமையை நமக்கு இன்னும் கொடிய முறையில் உணர்த்தியது தேனி மாவட்டத்துக் குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று அங்கே மலையேறச் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்கள் சென்ற வழிக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை என்பது பின்னர் வெளிவந்தது. காய்ந்த புல்லில் பற்றிய தீ, மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே சுட்டு உலர்த்திக்கொண்டு போவதால், சமதரையைவிட மலைச்சரிவில் பன்மடங்கு வேகமாக மேல்நோக்கி ஏறும்; எனவே தீயைக் கண்டதும் மேலே ஓடுவதைப்போன்ற ஆபத்து வேறில்லை. பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறையையோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரையையோ நாடவேண்டும்.

மற்ற அபாயங்கள் இத்தனை பயங்கரமானவையல்ல, அதனாலேயே அலட்சியப்படுத்தப்படுகின்றன. வயநாட்டில் குரங்குக் காய்ச்சல் உண்டு. 2015-இல் அது பலரைப் பலிகொண்டது. காட்டு உண்ணிகளால் பரவும் அந்நோய் பெரும்பாலும் டிசம்பர் முதல் மே வரையில் தலைகாட்டுவதால், முழுக்கைச் சட்டை உடுத்தி, கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடந்து, இறங்கியதும் உடம்பைச் சோதித்துக்கொள்வது அவசியம். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லவேண்டும். இடியோசை கேட்டால் திறந்த புல்மேட்டில் நின்று படமெடுப்பதை விட்டு உடனே இறங்கிவிட வேண்டும்.

மழையைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். 2024 ஜூலை 30 விடியுமுன், இதே மேப்பாடிப் பஞ்சாயத்தைச் சேர்ந்த முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்சரிவு வாரிக்கொண்டு போனது. 200-க்கும் அதிகமானோர் மாண்டனர். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை உள்ள நாட்களில் பயணத்தை ஒத்திவைப்பதற்குக் கோழைத்தனம் என்று பெயரிடுவார் பேச்சைக் கேட்கவேண்டாம். மழை ஒருபுறமிருக்க, உதகை, கூடலூர் வழியாக வயநாட்டுக்குப் போகிறவர்கள், 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் நடைமுறை வந்திருப்பதையும் நினைவில் கொள்வது நலம்.

இனிப் பணம் வாங்கிக்கொண்டு கூட்டிச்செல்லும் நிறுவனங்களின் விஷயம். அழகான விளம்பரத்தோடு, "எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சிட்ட தாளொன்றையும் நீட்டிக் கையெழுத்து வாங்குவது பலரிடம் வழக்கமாயிருக்கிறது. மலை வழுக்கும், மழை பெய்யும் என்பன போன்ற இயற்கையான இடர்களை நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு அத்தாள் சாட்சியாகலாம். அனுமதி பெறாமல் அழைத்துப்போனதற்கும், வழிகாட்டியில்லாமல் விட்டுவிட்டதற்கும், எச்சரிக்கையை மறைத்ததற்கும் அது கேடயமாகிவிடாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்கு வரையறை தந்திருக்கிறது. அத்தகைய நிபந்தனையைச் செல்லாதென்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கு உண்டு.

சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கோருகிறவர் வயநாட்டுக்கு அலையவேண்டியதில்லை. தாம் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும், மனுச் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமே கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிட்டுப் பார்ப்பதும் உண்டு. மரணமோ படுகாயமோ நேர்ந்து அதற்கு அஜாக்கிரதை காரணமாயிருந்தால், அது நடந்த இடம் எதுவாயினும், எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யச் சொல்லலாம். அவ்வழக்கும் நுகர்வோர் மனுவும் ஒன்றையொன்று தடுப்பவையல்ல. நண்பர்கள் செலவைப் பங்கிட்டுக்கொண்டு போன பயணத்தில் இந்தச் சட்டம் பயன்படாது, ஏனெனில் அங்கே விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை.

வனத்துறை ரசீது, பணம் அனுப்பியதன் பதிவு, விளம்பரத்தின் படம், அமைப்பாளர் அனுப்பிய செய்திகள், மருத்துவச் சீட்டு ஆகியவற்றை வீடு திரும்பிய பின்னும் பத்திரப்படுத்த வேண்டும். மனுச் செய்வதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பொறுக்காமலும் இருக்கலாம்.